பதினோராவது கோடு

அன்று லண்டன் பனிச்சறுக்குத் தளத்தில் எங்கள் தமிழ் ஆட்கள் மூன்று பேர்: விளையாடியவன், அவனுடைய அப்பா, நான். கனடாவிலிருந்து ஆள் தேட வந்திருந்த வெள்ளைக்காரர் எதிர்ப்பக்கம் மேல்வரிசையில் இருந்தார். அவனுடைய அம்மா வரவில்லை. "அவன் அடிக்கிறதையும் பார்க்க ஏலாது, வாங்கிறதையும் பார்க்க ஏலாது" என்று சொல்லிவிட்டு வெஸ்ட் ஈலிங் அம்மனுக்கு அர்ச்சனை செய்யப் போய்விட்டார்.

அவனுக்குப் பதினேழு வயது, ஆறடிக்கு மேல் உயரம். ஐஸ் ஹொக்கியில் தடுப்பாட்டக்காரன். எதிரணிக்காரன் வேகமாக வரும்போது தோளால் மறித்து, ஓரப் பலகையோடு அவனைச் சாத்திவிடுவதுதான் வேலை. எங்கள் நோர்பரித் தெருவில் யார் வந்தாலும் முதலில் ஒதுங்குகிறவன் அவன். பனியில் ஏறினால் வேறு ஆள். அன்றைய ஆட்டம் அந்த வெள்ளைக்காரருக்குப் பிடித்துவிட்டால் இரண்டு கிழமையில் கனடாப் பயிற்சி முகாம், அங்கே தேறினால் ஒப்பந்தம்.

சனிக்கிழமைகளில் அங்கே வாடகைக்குச் சறுக்குச் சப்பாத்துக் கொடுப்பது என் வேலை. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் முடித்த முதல் ஆள் நான். அதனால் தெரிந்தவர்களின் கடிதம், படிவம் எல்லாம் என்னிடம்தான் வரும். வெள்ளைக்காரரும் ஒரு கொப்பியைத் தந்திருந்தார். அவன் இடிக்கும் ஒவ்வொரு முறைக்கும் ஒரு கோடு. பரீட்சை எழுதுகிறவனைப் போல உட்கார்ந்திருந்தேன்.

"தம்பி, வெள்ளிக்கிழமை நல்ல நாள் எண்டு எனக்கும் அவனுக்கும் கனடா டிக்கெட் இரண்டும் எடுத்திட்டன்" என்றார் அப்பா.

"அங்கிள், அவர் இன்னும் ஓம் எண்டு சொல்லேல்லையே."

"நாங்கள் வெளிக்கிட்டு நிண்டால்தான் காரியம் பின்னாலை வரும். நீர் கோட்டைக் கீறும்."

செப்டெம்பர் மாதம். வெளியே நல்ல வெயில். அந்த வெக்கை பழைய கூரைக்குள் இறங்கினால் பனிக்கு மேல் வெண்புகைபோலப் புகார் எழும்பும். முதலில் முழங்கால்வரை; கால்கள் இல்லாதவர்கள் மிதப்பதுபோல் இருந்தது. பிறகு இடுப்பு, தோள். கடைசியில் சத்தத்தை வைத்துத்தான் கோடு போட்டேன். பலகை 'டும்' என்றால் ஒரு கோடு. பத்து வந்தது.

பதினோராவது தடவை பலகை அதிரவில்லை. எனக்கு நேரே, புகாருக்குள், தாழ, ஒரு காய்ந்த சத்தம் மட்டும். பிறகு அவன் தனியே எழும்பி வந்தான். கோட்டைப் போட்டு, பக்கத்தில் ஒரு கேள்விக்குறியும் போட்டேன்.

எங்களுக்கு முன்னால் ஆட்டக்காரர் உட்காரும் வாங்குக்கு வந்தவன் என் பக்கம் குனிந்தான்.

"அண்ணை, அவர் வந்திட்டாரோ?"

"ஓம், மேலை இருக்கிறார்."

தலையாட்டினான். கையுறையால் மூக்கைத் துடைத்தான். போய்விட்டான். அப்போதுதான் எனக்கு உறைத்தது. என்னோடு அவன் எப்போதும் ஆங்கிலம்தான். 'அண்ணை' ஒன்றுதான் தமிழ்.

மூன்று நிமிடத்தில் திரும்பி வந்தான். "அண்ணை, அவர் வந்திட்டாரோ?" அதே குனிவு, அதே தலையாட்டல், அதே மூக்குத் துடைப்பு. மூன்றாம் முறையும் அப்படியே. ஒரு மயிரிழை மாறவில்லை. இடையில் உள்ளே போய் அன்றைய மிக நல்ல ஆட்டத்தை ஆடினான். உடம்பு ஆடிக்கொண்டிருந்தது. அதற்குள் யார் இருந்தார்கள் என்று எனக்குத் தெரியவில்லை. பயிற்சியாளரைக் கூப்பிட எழுந்தேன். அப்பா என் கையைப் பிடித்து இருத்தினார். "நாவூறு தம்பி, கண் பட்டுப்போச்சு. தாய் கோயிலாலை வந்து சுத்திப் போடுவா."

நான் இருந்துவிட்டேன். அதை இன்றைக்கும் மறைக்க விரும்பவில்லை.

ஆட்டம் முடிந்ததும் வெள்ளைக்காரர் சிரித்துக்கொண்டே இறங்கி வந்தார். கையில் படிவம். தலையில் எப்போதாவது அடிபட்டதா என்று அப்பாவிடம் கேட்கச் சொன்னார். கேட்டேன்.

"இல்லையெண்டு எழுதும்" என்றார் அப்பா. கெஞ்சலாகத்தான் சொன்னார்.

பேனாவைத் திறந்தபடி நின்றேன். அப்போது அவன் வந்தான். வெள்ளைக்காரர் நீட்டிய கையைக் குலுக்கினான், அவர் முகத்தை நேராகப் பார்த்தான், பிறகு என் பக்கம் குனிந்தான்.

"அண்ணை, அவர் வந்திட்டாரோ?"

அவன் என்ன சொல்கிறான் என்று வெள்ளைக்காரர் கேட்டார். அப்பா என்னைப் பார்த்தார். நான் ஒன்றும் மறைக்காமல் ஆங்கிலத்தில் சொன்னேன்: நீங்கள் வந்துவிட்டீர்களா என்று கேட்கிறான்.

அவருடைய சிரிப்பு மெல்ல மெல்லத்தான் போனது. கொப்பியை வாங்கிக் கோடுகளின்மேல் விரலை ஓட்டி, கேள்விக்குறியில் நிறுத்தினார். பிறகு அவரே ஓடிப்போய் அம்புலன்ஸுக்குத் தொலைபேசி எடுத்தார்.

மூளையில் சிறிய இரத்தக் கசிவு. இன்னொரு இடி விழுந்திருந்தால் என்று தொடங்கிய மருத்துவர் தாயைப் பார்த்துவிட்டு முடிக்கவில்லை. பிழைத்துக்கொண்டான், பனியில் மட்டும் பிறகு ஏறவில்லை. இப்போதும் என்னோடு ஆங்கிலத்தில்தான் பேசுகிறான். அந்தப் பகல் அவனுக்கு ஞாபகமே இல்லை.

தாய் ஒருநாள் தொலைபேசியில் சொன்னார்: "நீர் செய்தது சரி தம்பி. ஆனா கொஞ்ச நாளைக்கு வீட்டுப் பக்கம் வராதேயும். இவர் அந்த டிக்கெட்டுகளை மேசையிலை வைச்சுப் பார்த்துக்கொண்டிருக்கிறார்."

திருப்பிக் கொடுக்க முடியாத மலிவு டிக்கெட்டுகள். இரண்டுக்கும் சேர்த்து ஆயிரத்து நாற்பத்தாறு பவுண்.