நிறம் போனால் போதாது என்றவர்

புவனா அக்கா போய்விட்டார்... இன்று காலை, ஹார்ட் அட்டாக். வாட்ஸ்அப்பில் பார்த்தும் நம்பாமல் அவர் நம்பருக்கே போன் செய்தேன். மகள் எடுத்தாள்.

திருப்பதியில் எங்கள் லேப் டெக்னீஷியன். நான் திருத்தணியில் ஏறும் ரயிலில் அவர் நகரியில் ஏறுவார். ஆறு வருஷம் அப்படி.

என் பிஎச்டி மைக்ரோபியல் ஃபியூயல் செல்லில். எளிமையாகச் சொன்னால் ஒரு டப்பா. உள்ளே இருக்கும் பாக்டீரியா சாயக்கழிவைச் சிதைக்கும், கூடவே கொஞ்சம் மின்சாரமும் தரும்.

என் டப்பாக்கள் எட்டு மாதமாக ஒன்றும் தரவில்லை. ஒருநாள் அக்கா சாப்பாட்டுப் பையில் ஒரு பாட்டில் கறுப்புச் சேறு கொண்டுவந்தார். நகரியில் சாயப்பட்டறைக்குப் பின்னால் ஓடும் கால்வாயில் அள்ளியது. அன்று ரயிலில் எங்கள் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை.

"அந்தச் சாயத்துலயே பொழச்சிக்கினு இருக்கிற பூச்சிமா இது. உன் டப்பாவுல போட்டுப் பாரு."

இரண்டே வாரத்தில் சிவப்புத் தண்ணீர் வெளுத்தது. மீட்டரில் மில்லிவோல்ட் ஏறியது. லேபில் ஸ்வீட் கொடுத்துவிட்டுப் பேப்பர் எழுத உட்கார்ந்தேன்...

அக்கா மட்டும் அந்தத் தண்ணீரில் பச்சைப்பயறு ஊறப்போட்டார். ஒன்றுகூட முளைக்கவில்லை.

என் கைடு பேராசிரியருக்குக் கோபம். நிறம் போனதை மட்டும் எழுதி அனுப்பலாம் என்றார். அக்கா குரலை உயர்த்தவில்லை.

"எங்க தெரு போர் தண்ணியும் பாக்கத் தெளிவாத்தான் இருக்குது சார். அதைத்தான் புள்ளைங்க குடிச்சிக்கினு இருக்குது."

சார் பேப்பரை நிறுத்திவைத்தார். எனக்கு அக்கா மேல் அவ்வளவு ஆத்திரம்... ஒரு வாரம் வேறு பெட்டியில் ஏறினேன்.

சாயம் உடைந்து, நிறமில்லாத வேறு விஷமாக நின்றிருந்தது. அதையும் சிதைக்க, காற்று செலுத்தும் இன்னொரு தொட்டி சேர்த்தோம். ஐந்து மாதம். ஒவ்வொரு திங்களும் அக்கா பயறு போடுவார்.

முளைத்த அன்று அவர் தட்டை என் மேஜையில் வைத்துவிட்டு டீ குடிக்கப் போனார்.

பேப்பரில் இரண்டாவது பெயர் அவருடையது. சார்தான் சேர்த்தார், யாரும் கேட்காமலே.

கான்ஃபரன்ஸில் ஒருவர், மேடம் என்ன படித்திருக்கிறீர்கள் என்று தெலுங்கில் விசாரித்தார். "இன்டர்" என்றார் அக்கா, நம் ஊர் பிளஸ் டூ. பக்கத்தில் நின்ற எனக்கு அவ்வளவு பெருமை.

இப்போது நகரியில் ஒரு பட்டறைக்குப் பின்னால் அந்தத் தொட்டி ஓடுகிறது. சின்னதுதான்... ஓடுகிறது.

நாளை பத்து மணிக்கு அடக்கம். லேபிலிருந்து எல்லோரும் வருகிறோம்.

போய் வாருங்கள் அக்கா.