இடக்கை வழக்கு

ரங்கூனில், கெமண்டைன் பகுதியில், ஆற்றை ஒட்டி இருந்த ஓர் அரிசி ஆலையில் எந்திரக்காரருக்கு உதவியாளாக இருந்தேன். உருளைகளுக்கு எண்ணெய் விடுவதும், பெல்ட்டு நழுவினால் ஏற்றிவிடுவதும் என் வேலை. நெல் படகுகள் வரிசையாக வந்து நிற்கும் மாதங்களில் எந்திரத்தை நிறுத்த மாட்டார்கள். ஓடும்போதே பெல்ட்டை ஏற்ற வேண்டும். அதில் நான் கெட்டிக்காரன் என்று ஆலையில் பெயர் இருந்தது. ஒருநாள் காலையில் அந்தப் பெயரும் இடது கையும் ஒன்றாகப் போயின. வலி பிறகுதான் வந்தது. முதலில் எனக்குத் தோன்றியது, மேஸ்திரி திட்டுவாரே என்பதுதான். அவர் திட்டவும் செய்தார்.

ஆஸ்பத்திரியில் கண் விழித்தபோது மனைவி கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தாள். கல்யாணமாகி அதிக காலம் ஆகவில்லை. ரங்கூனுக்குக் கப்பலில் வந்து இறங்கி அதைவிடக் குறைந்த காலம். என் கட்டையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தவள், "வலது கை இருக்குல்ல?" என்றாள்.

"இருக்கு."

"அப்பச் சாப்பிடுங்க" என்று கஞ்சியை நீட்டினாள். அவள் அழுததை நான் பார்க்கவில்லை. அழுதாள் என்று பக்கத்துக் கட்டில்காரர் பிறகு சொன்னார்.

மேஸ்திரி ஆரஞ்சுப் பழங்களும் ஒரு காகிதமும் கொண்டுவந்தார். எங்கள் ஜில்லாவிலிருந்து என்னைக் கப்பலேற்றி அழைத்துவந்தவர் அவர்தான். "முதலாளி மனசு எறங்கி ஊருக்கு டிக்கட் எடுத்துத் தர்றேங்கறாரு. ரெண்டு பேருக்கும். இதுல ஒரு கையெழுத்துப் போட்டுடு" என்றார். நான் பேனாவுக்குக் கை நீட்டினேன். மனைவி குறுக்கிட்டாள்.

"அண்ணே, அவருக்கு இன்னும் சுரம் விடல. சுரத்துல போட்ட கையெழுத்து செல்லாதாம். காகிதம் இங்கயே இருக்கட்டும், படிச்சவங்க யார்கிட்டயாச்சும் காட்டிட்டுப் போடுறோம்."

சுரத்தில் போட்ட கையெழுத்து செல்லாது என்று அவளிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை. மேஸ்திரி காகிதத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டார். பழங்களை மட்டும் விட்டுப் போனார்.

கட்டுப் போட வரும் கம்பவுண்டர்தான் அந்தச் செய்தியைச் சொன்னார். வேலையில் அடிபட்டவர்களுக்கு முதலாளி நஷ்டஈடு கொடுத்தாக வேண்டும் என்று புதிதாகச் சட்டம் வந்திருக்கிறது, இந்தியாவோடு பர்மாவுக்கும் சேர்த்து. கமிஷனர் கச்சேரியில் மனுக் கொடுத்தால் போதும். எவ்வளவு காலம் ஆகும் என்று கேட்டேன்.

"கை போயிருக்கு. பார்த்தாலே தெரியுது. இதுல விசாரிக்க என்ன இருக்கு? சீக்கிரம் முடிஞ்சிடும்" என்றார். நல்ல மனிதர். கச்சேரிப் பக்கமே போகாதவர்.

புண் ஓரளவு ஆறியதும் மனு எழுதிக்கொண்டு போனேன். கச்சேரிக் குமாஸ்தா அதை வாங்கி, மை தடவிய பலகையை என் பக்கம் தள்ளினார். "இடது பெருவிரல்" என்றார்.

"எனக்குக் கையெழுத்துப் போடத் தெரியுங்க."

"ஆலைக்கூலி மனுவுல ரேகைதான் வைக்கணும். ஆம்பளைன்னா இடது பெருவிரல்."

நான் கட்டைக் காட்டினேன். அவர் பார்த்தார். மனுவைப் புரட்டினார். அதில் இடது கை போய்விட்டது என்று எழுதியிருந்ததையும் படித்தார். "வலது பெருவிரல் பொம்பளைங்களுக்கு" என்றார் சற்று வருத்தத்தோடு. மேலே கேட்டுச் சொல்வதாக மனுவை ஒரு பக்கம் வைத்தார். மேலே இருந்தவர் ரஜாவில் போயிருந்தார். அவர் திரும்பி வந்து, இந்த ஆள் கையெழுத்தே போடலாம் என்று எழுதிக் கொடுப்பதற்குள் மழைக்காலம் பிறந்துவிட்டது.

ஆலை பதில் கொடுத்தது. இந்த ஆள் எங்கள் ஆள் அல்ல, மேஸ்திரியின் ஆள் என்றது. மேஸ்திரியைக் கூப்பிட்டார்கள். ஆட்களைக் கொண்டுவந்து விடுவதோடு என் வேலை சரி, பிறகு அவர்கள் ஆலையின் ஆட்கள் என்றார் அவர். என் கை யாருடைய வேலையில் போனது என்பதைத் தீர்மானிக்கும்வரை அது யாருடைய வேலையிலும் போகாததாகவே இருந்தது. அதற்குப் பல வாய்தாக்கள் ஆயின. கடைசியில் ஆலையின் கைதான் என்று தீர்ந்தது.

அடுத்தது டாக்டர் சான்று. ஊனம் நிரந்தரமா தற்காலிகமா என்று அதில் ஒரு கேள்வி. டாக்டர் வெள்ளைக்காரர். தழும்பை அழுத்திப் பார்த்துவிட்டு, முழுதும் ஆறாமல் எதையும் நிரந்தரம் என்று எழுத முடியாது, சில மாதம் கழித்து வா என்று சொன்னார். துபாஷி அதைத் தமிழில் சொன்னதும் மனைவி கேட்டாள்: "எதுக்கு, மறுபடி முளைக்குதான்னு பார்க்கவா?"

துபாஷி அதை இங்கிலீஷில் சொல்லவில்லை. சில மாதம் கழித்துப் போனோம். அந்த டாக்டர் சீமைக்குப் போயிருந்தார். புதிதாக வந்தவர், தான் முதலிலிருந்து பார்க்க வேண்டும் என்றார்.

இந்தக் காலமெல்லாம் நாங்கள் காத்துக் கிடந்தது கச்சேரியின் பின்பக்கத்துத் தாழ்வாரத்தில். கூப்பிடும்போது இல்லாவிட்டால் மனு தள்ளுபடி. எப்போது கூப்பிடுவார்கள் என்பது யாருக்கும் தெரியாது. அதனால் வாய்தா நாளில் விடிந்ததும் போய் உட்கார்ந்துவிடுவோம். அங்கேதான் அந்தப் பர்மியரைச் சந்தித்தோம். ஆற்றில் ஓடும் லாஞ்சுப் படகில் வேலை பார்த்தவர், கயிறு சுற்றி இழுத்ததில் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. எனக்கு மூத்தவர், ஆகவே நான் அவரை அகோ என்று கூப்பிடுவேன். அவர் பேசும் பர்மியத்தில் பாதி எனக்குப் புரியும். மீதியை அவர் கையை ஆட்டிச் சொல்வார். இரண்டு கையும் உள்ளவர்.

மனைவி வீட்டிலிருந்து அவித்த பட்டாணி கொண்டுவருவாள். ஊர் வழக்கப்படி தேங்காயும் மிளகாயும் போட்டது. அகோ ஒருநாள் வாங்கித் தின்றுவிட்டு அபிப்பிராயம் சொன்னார்: "தேங்காயை எடு. முளைகட்டி அவி. எண்ணெயும் வதக்கின வெங்காயமும் போடு. அப்படிச் செய்தால் இந்தத் தாழ்வாரம் முழுக்க வாங்கும்."

பர்மியர்கள் காலையில் சாப்பிடும் பேப்யோ அதுதான். மனைவி அப்படியே செய்துபார்த்தாள். தாழ்வாரம் முழுக்க வாங்கியது. பியூன்கள் வாங்கினார்கள், குமாஸ்தா வாங்கினார். ஆலை அமர்த்தியிருந்த தமிழ் வக்கீல், "வெங்காயம் கொஞ்சம் தாராளமாப் போடும்மா" என்று கேட்டு வாங்கித் தூணுக்குப் பின்னால் நின்று சாப்பிடுவார். வாய்தா இல்லாத நாட்களிலும் நாங்கள் போக ஆரம்பித்தோம். அவள் அவிப்பாள், கூடையைச் சுமப்பாள், இலையில் மடிப்பாள். நான் காசு வாங்கிப் போடுவேன்.

அடுத்த மழையில் அகோவுக்குக் காய்ச்சல் கண்டது. இரண்டு வாய்தாக்களுக்கு அவர் வரவில்லை. மூன்றாவது வாய்தாவில் பியூன் தாழ்வாரத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை அவர் பெயரைக் கூவிக்கொண்டு போனான். அன்றைக்கு அவருக்குச் சாதகமாக உத்தரவு தயாராக இருந்தது. அவர் இறந்து எட்டு நாள் ஆகியிருந்தது. எங்களுக்குத் தெரியும், நாங்கள் அடக்கத்துக்குப் போயிருந்தோம். குமாஸ்தாவிடம் போய்ச் சொன்னேன்.

"இறந்ததுக்குச் சான்று இருக்கா?" என்றார்.

"அவங்க வீட்டுக்காரம்மா கொண்டாருவாங்க."

"அதுவரைக்கும் ஆஜராகலைன்னுதான் எழுத முடியும்."

அப்படியே எழுதினார். அகோவின் மனைவி சான்றோடு வந்தபோது, அந்த மனு முடிந்துவிட்டது, நீங்கள் வாரிசு என்ற முறையில் புதிதாக மனுக் கொடுக்க வேண்டும் என்றார்கள். நான் அதை என் பர்மியத்தில் சொன்னேன். அந்தம்மா மறுபடி சொல்லச் சொன்னார். மறுபடி சொன்னேன். எனக்குப் பாஷை போதவில்லை என்றுதான் அவர் நினைத்திருக்க வேண்டும். புரிந்ததும் தாழ்வாரத்தைப் பார்த்தார். என் மனைவி பாயைச் சற்று நகர்த்தி இடம் விட்டாள். அவர் உட்கார்ந்தார். அன்றிலிருந்து அவரும் பட்டாணி மடிக்க ஆரம்பித்தார்.

எனக்குச் சாதகமாக உத்தரவு வந்தது அந்தக் குளிர்காலத்தில். மனைவி அன்று யாரிடமும் காசு வாங்க விடவில்லை. மறுமாதம் ஆலை ஹைகோர்ட்டில் அப்பீல் போட்டது.

அப்பீல் என்றால் இன்னொரு கட்டடம், இன்னொரு தாழ்வாரம். அங்கே பட்டாணி விற்க விடவில்லை. என்னை யாரும் எதுவும் கேட்கவும் இல்லை. உள்ளே இங்கிலீஷில் பேசினார்கள், நான் வெளியே பெஞ்சியில் இருந்தேன். ஒரு வருஷத்துக்கும் மேலே ஆனபிறகு, மனுதாரருக்கு உண்மையில் சம்பாதிக்கும் சக்தி குறைந்திருக்கிறதா என்று கமிஷனர் மறுபடி விசாரிக்க வேண்டும் என்று திருப்பி அனுப்பினார்கள். பழைய தாழ்வாரத்துக்கே வந்து சேர்ந்தோம். பியூன்கள் சந்தோஷப்பட்டார்கள்.

விசாரணையன்று வக்கீல் எழுந்தார்.

"நீ இப்ப வியாபாரம் பண்றியா?"

"பண்றேங்க."

"என்ன வியாபாரம்?"

"அவிச்ச பட்டாணி."

"நல்லா நடக்குதா?"

"ஐயாவுக்குத் தெரியுமே."

துபாஷி இதை இங்கிலீஷில் சொன்னபோது கமிஷனர் நிமிர்ந்து வக்கீலைப் பார்த்தார். வக்கீல் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, கேட்டதற்கு மட்டும் பதில் சொல்ல வேண்டும் என்றார். பிறகு மெதுவாகக் கேட்டார்: "ஆலையில வாங்கின சம்பளத்தைவிடக் கூட வருதா, குறைச்சலா வருதா?"

எனக்கு எங்கேயோ திருடி மாட்டிக்கொண்டவன் மாதிரி இருந்தது. கூண்டில் ஏறுமுன் சத்தியம் பண்ணியிருந்தேன். "சில மாசம் கூடவே வருதுங்க" என்றேன்.

வக்கீல் உட்கார்ந்துவிட்டார். அப்போது வாசலில் நின்ற என் மனைவியின் குரல் கேட்டது.

"முளைகட்டுறது நான். அவிக்கிறது நான். கூடையத் தூக்கியாறது நான். அவரு உக்காந்து காசு வாங்குறாரு. ஆலையில போனது அவரு கை. என் கையை எதுக்குங்க அதுல சேர்க்கறீங்க?"

பியூன் அவளை வெளியே தள்ளப் பார்த்தான். அவன் தினமும் அவளிடம் சாப்பிடுகிறவன், அதனால் அழுத்தித் தள்ளவில்லை. கமிஷனர் என்ன என்று கேட்டார். இந்தத் தடவை துபாஷி ஒரு சொல் விடாமல் சொன்னார். கமிஷனர் பேனாவைக் கீழே வைத்தார். பிறகு, இந்த அம்மாள் வழக்கில் சம்பந்தப்பட்டவர் அல்ல, சாட்சியாகவும் அழைக்கப்படவில்லை, எனவே இதைப் பதிவுசெய்ய இயலாது என்றார். பதிவுசெய்யவில்லை. வாய்தா போட்டார்.

அன்று மத்தியானம் வக்கீல் வழக்கம்போல வந்தார். மனைவி வழக்கம்போல மடித்துக் கொடுத்தாள், வெங்காயமும் தாராளமாகவே போட்டாள்.

"தப்பா நினைக்காதேம்மா. அது என் தொழில்" என்றார்.

"இது எங்க தொழில்" என்று காசுக்குக் கை நீட்டினாள்.

அவர் போனபின் எனக்குக் கோபம் வந்தது. அந்த ஆளுக்கு எதற்கு வெங்காயம் என்று கேட்டேன். "வெங்காயம் இல்லாமக் கொடுத்தா நாளைக்கு வருவாரா?" என்றாள்.

இறுதி உத்தரவு அந்த வருஷக் கடைசியில் வந்தது. துபாஷி எனக்குப் படித்துச் சொன்னார். அந்தச் சட்டத்தின் பின்புறத்தில் ஒரு பட்டியல் இருக்கிறது. எந்த உறுப்பு போனால் எவ்வளவு சக்தி போனதாகக் கொள்ள வேண்டும் என்று அதில் அச்சடித்திருக்கிறது. கை போனவன் அதற்குப் பிறகு என்ன விற்றான் என்று அந்தப் பட்டியல் கேட்கவில்லை, ஆகவே முதல் உத்தரவே சரி என்று கமிஷனர் எழுதியிருந்தார். பட்டியல் எங்கே இருக்கிறது என்று கேட்டேன். துபாஷி கமிஷனர் மேஜையைக் காட்டினார். முதல் நாளிலிருந்து அங்கேதான் இருந்ததாம்.

ஆலை மறுபடி அப்பீல் போடும் என்று எதிர்பார்த்துக் காத்திருந்தோம். போடவில்லை. ஆலை கைமாறிவிட்டிருந்தது. புது முதலாளிக்கு இந்த வழக்கு எதைப் பற்றியது என்றே தெரியவில்லை என்று குமாஸ்தா சொன்னார். பணத்தைக் கட்டிவிட்டார்கள். வாங்கிக்கொண்டு வெளியே வந்ததும் எனக்கு என்ன செய்வதென்று புரியவில்லை. கை போன புதிதில் இந்தப் பணம் வந்தால் ஊருக்குப் போய்விடலாம் என்று இருந்தேன். இப்போது ஊருக்குப் போக வேண்டும் என்று இரண்டு பேருக்குமே தோன்றவில்லை. ரங்கூனிலேயே மிங்கலா தாங்ஞுன்ட்டில் ரயில் பாதைக்குப் பக்கத்தில் ஓர் அறை பார்த்துக் குடிபோனோம். ரயில் போகும்போது பாத்திரங்கள் ஆடும். மனைவிக்கு அது பிடித்திருந்தது.

நியாயப்படி எனக்குத் தாழ்வாரத்தில் இனி வேலை இல்லை. ஆனால் அகோவின் மனைவிக்கு வழக்கு நடந்துகொண்டிருந்தது. அவர் அகோவின் மனைவிதானா என்பதற்கு லாஞ்சுக் கம்பெனி ஆதாரம் கேட்டது. கல்யாணத்துக்கு வந்திருந்த கிழவர் ஒருவரை ஆற்றின் மேல்பக்கத்துக் கிராமத்திலிருந்து அழைத்துவர வேண்டியிருந்தது. கிழவர் வந்தார். அன்று வாய்தா தள்ளிப்போயிற்று. அடுத்த வாய்தாவரை எங்கள் அறையில் தங்கி, நாள் முழுவதும் ரயில்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அகோவின் மனைவிக்குப் பணம் கிடைத்தது அடுத்த மழை விட்டபோது. ஊருக்கே போய்விடுகிறேன் என்று சொன்னார். கெமண்டைன் படகுத்துறைக்கு நாங்களும் போனோம். அவர் என் மனைவியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, "ஞீமா, ஞீமா" என்றார். தங்கச்சி என்று அர்த்தம். என் மனைவி தமிழிலேயே, "போய்ட்டு வாங்க அக்கா, உடம்பப் பாத்துக்குங்க" என்றாள். அவர் தலையாட்டினார்.

எப்படியும் கிளம்ப மத்தியானம் ஆகும், நிழலில் உட்காரலாம் என்று நான் இடம் தேடிக்கொண்டிருந்தேன். சங்கு ஊதியது. லாஞ்சு சொன்ன நேரத்துக்கே புறப்பட்டுவிட்டது.