அப்பா கடித்த துண்டு

மினுமினுப்புக்கு ஆசைப்பட்டு, காரின் ஸ்டீல் வீலைக் கழற்றிவிட்டு, பெரிய அலாய் வீலும் அதற்கேற்ற மெல்லிய டயரும் போட்டேன். “குலுக்கல் கம்மியாயிடும்ணா, ஜம்முனு போலாம்” என்றார் கடைக்காரர்.

அடுத்த வாரம், முதுகில் ஆபரேஷன் முடிந்த அப்பாவைப் பின் சீட்டில் படுக்கவைத்து, வேலூரிலிருந்து பேரணாம்பட்டுக்கு அழைத்துவந்தேன். ஒவ்வொரு பள்ளமும் அப்படியே சீட்டில் இடித்தது.

“வலிக்குதாப்பா?”

“நீ ரோட்டப் பாத்து ஓட்டு.”

பிறகு பேச்சே இல்லை. தூங்கிவிட்டார் என்று நினைத்தேன்.

வீட்டில் இறக்கும்போதுதான் பார்த்தேன். தோள் துண்டை வாயில் திணித்துக் கடித்திருந்தார். அதில் ரத்தம்.

அலாய் மேல் பழியில்லை. டயரை மெலிசாக்கியதுதான் வினை. மறுநாளே பழைய ஸ்டீல் வீலையும் தடித்த டயரையும் மாட்டிவிட்டேன். இப்போது அவ்வளவாகக் குலுங்குவதில்லை. ஆனாலும் கார் கதவைத் திறந்தாலே அப்பாவின் கை துண்டைத் தேடுகிறது.