கிரீஸ் மலையில் விட்ட தாலி

பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே லயத்திலிருந்து சீமைக்குக் கப்பலேறிய ஆயா நான் ஒருத்திதான். துரைசானியின் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளக் கூட்டிப் போனார்கள். கிள்ளான் துறைமுகம் வரைக்கும் வழியனுப்ப வந்த என் வீட்டுக்காரர், "குளுரு ஊரு, சளி புடிக்காம பாத்துக்க" என்று மட்டும் சொன்னார். வேறு ஏதாவது சொல்லித் தொலைத்திருக்கலாம்.

எகிப்துத் துறைமுகத்தில் தந்தி வந்தது. அவர் காய்ச்சலில் போய்விட்டார் என்று துரைசானி என் தோளைத் தொட்டுச் சொன்னாள். சரி என்றேன். பிள்ளைக்குப் பால் காய்ச்ச நேரமாகியிருந்தது; போய்க் காய்ச்சினேன். அழுகை வரும் வரும் என்று நானும் பார்த்தேன், வரவில்லை. கழுத்தில் தாலி அப்படியே கிடந்தது. கருமாதியன்று பெண்கள் சுற்றி உட்கார்ந்து ஒப்பாரி வைக்க, எங்கள் வழக்கப்படி நாத்தனார் கழற்றிப் பாலில் போட வேண்டியது அது. கப்பலில் யார் கழற்றுவார்கள்? தினமும் அதோடு படுத்து அதோடு எழுந்தேன்.

துரைசானிக்குக் கடல் ஒத்துக்கொள்ளவில்லை. அதனால் நடுவில் கிரீஸ் தேசத்தில் ஒரு மீனவர் ஊரில் இறங்கிச் சில நாள் தங்கினோம். சுண்ணாம்பு அடித்த வீடுகள், காயப்போட்ட வலைகள், நம்மூர் கருவாட்டு வாடை. ஊருக்கு மேலே குன்று, குன்றின் உச்சியில் கோயில். மலைமேல் இருந்தால் அது முருகன்தானே நமக்கு! பத்துமலைக்குப் போகிறவள் போல அடிவாரத்திலேயே செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினேன். கல் சுட்டது. காலுக்காவது ஏதோ தெரிகிறதே என்று நினைத்துக்கொண்டேன்.

மேலே இருந்தது மாதா கோயில். வாசலில் கறுப்பு உடுத்திய பெண்கள், அவித்த கோதுமையில் சர்க்கரை கலந்து வந்தவர்களுக்கெல்லாம் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். பிரசாதம் என்று இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். ருசியாக இருந்ததால் வெட்கமில்லாமல் மறுபடியும் கை நீட்டினேன். கொடுத்தவள் பக்கத்துக் கல்லறையைக் காட்டினாள், பிறகு தன் கறுப்புத் துணியைத் தொட்டாள். செத்தவர்களுக்காகக் கொடுப்பது அது. நான் தாலியைத் தூக்கிக் காட்டி, ஆகாயத்தையும் காட்டினேன். அவளுக்குப் புரிந்துவிட்டது.

உள்ளே மாதா படத்தடியில், நேர்ந்துகொண்டவர்கள் தொங்கவிட்ட வெள்ளிக் கண்கள், வெள்ளிக் கால்கள். எங்கள் மாரியம்மன் கோயிலிலும் இதைத்தானே செலுத்துகிறோம். கோதுமை கொடுத்தவள் என் பின்னால் நின்று தாலி முடிச்சுகளை அவிழ்த்தாள். நான் தாலியை அங்கே மாட்டினேன். அப்போதும் அழவில்லை. இறங்கி வந்து செருப்பைத் தேடினேன், இருந்தது.

மாதங்கள் கழித்து வீடு திரும்பினேன். எனக்காகவே நாத்தனார் பெண்களைக் கூட்டி, செம்பில் பாலும் வைத்துக் காத்திருந்தாள். என் கழுத்தைப் பார்த்தாள்.

"யாருடி கழட்டுனது?"

"ஒரு அம்மா, அக்கா. அவங்களும் தாலியறுத்தவங்கதான்."

"எந்த ஊரு அம்மா?"

ஊர்ப் பெயரை நான் கேட்கவேயில்லை.

"மொற செய்யாம என் தம்பிய அனுப்ப மாட்டேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். நூலில் மஞ்சள் தேய்த்து, ஒரு மஞ்சள் துண்டையும் கோத்து எடுத்து வந்தாள். அறுப்பதற்காக அதை என் கழுத்தில் கட்டினாள். கல்யாணத்தன்றும் எனக்கு மூன்றாம் முடிச்சு போட்டவள் அவள்தான்.

அறுக்கும்போது நான் அழுவேன் என்று பெண்கள் எல்லாரும் காத்திருந்தார்கள். மூன்றாம் முடிச்சு விழும்போதே நான் கதறிவிட்டேன்.