ஸ்டம்புக்குப் பின்னால் அவள் இடம்

பொன்மலை மைதானத்தில் ஆட்டம் இருக்கும் நாளில் டீக்காரருக்கு முன்பே கூட்டம் வந்துவிடுகிறது. ரயில்வேயில் ஓய்வு பெற்றவர்கள் தூங்குமூஞ்சி மரத்தடியில் பைக்கை நிறுத்தி அதன் மேலேயே சாய்ந்துகொள்கிறார்கள். ஓட்டுக் கூரை போட்ட பழைய பெவிலியன் படிகளில் அவரவருக்கென்று ஓர் இடம் உண்டு. தெரியாமல் உட்கார்ந்தவரை யாரும் எழுப்புவதில்லை. எழுந்திருக்கும்வரை பார்த்துக்கொண்டே இருப்பார்கள். வெள்ளைக்காரன் காலத்து மைதானம். அங்கே ஆடியவர்களின் பேரன்கள் இன்று ஆடுகிறார்கள். அம்பயராக ஒரு பெண் நிற்பதை மட்டும் இந்த வருடம்தான் பார்க்கிறார்கள். அவள் என் மகள்.

போன மாதம் வேறொரு மைதானத்தில் பேட்ஸ்மேன் நேராக அடித்த பந்து அவள் தாடையில் பட்டது. எலும்பு முறியவில்லை. ஆனால் ஆஸ்பத்திரியில் அவள் வெள்ளைச் சட்டைக் காலரில் பார்த்த ரத்தம் என் கண்ணை விட்டுப் போகவில்லை. போன் அடித்தால் அவள் பெயர்தானா என்று முதலில் பார்க்கிறேன். நான் பாடம் நடத்தும் வகுப்பில் யாராவது ஜியாமெட்ரி பாக்ஸைக் கீழே போட்டால் பேச்சு நின்றுவிடுகிறது.

அதற்குப் பிறகு அவளுக்கு இதுதான் முதல் ஆட்டம். அந்தச் சனிக்கிழமை காலையில் ஸ்ரீரங்கத்திலிருந்து அவள் ஸ்கூட்டரில் நானும் கிளம்பிவிட்டேன். காவிரிப் பாலத்தில் மறுபடி ஆரம்பித்தேன்.

"ரெண்டு அடி பின்னாடி தள்ளி நில்லேம்மா. யார் என்ன சொல்லப் போறாங்க?"

"பின்னாடி போனா பௌலர் கால் கோட்டைத் தாண்டுதான்னு சரியாத் தெரியாதும்மா."

"தெரியலன்னா விட்டுடு."

"நீ பரீட்சைப் பேப்பரை அப்படித்தான் திருத்துவியா?"



மைதானத்தில் ஸ்கோரர் மேஜைக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி கிடைத்தது. அம்பயரின் அம்மா என்று யாரிடமும் சொல்லக் கூடாதென்பது அவளுடைய கண்டிப்பு.

மதியம் ரயில்வே ஒர்க்‌ஷாப் சங்கு ஊதியது. அந்தச் சத்தத்தில் பந்து பேட்டில் உரசினால் கேட்காது. அதனால் சங்கு ஓயும்வரை யாரும் பந்து போடுவதில்லை என்பது அங்கே பழைய வழக்கம். அவள் கையை நீட்டி பௌலரை நிறுத்தினாள். சத்தம் அடங்கிய பிறகும் ஒரு கணம் பொறுத்து, தலையசைத்தாள். மைதானமே அந்தத் தலையசைப்புக்குக் காத்திருந்தது. கூன் போட்டு உட்கார்ந்திருந்த நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

கடைசி ஓவர்களில் உள்ளூர் அணி பந்து வீசியது. நன்றாக அடித்துக்கொண்டிருந்த வெளியூர் பேட்ஸ்மேனின் ஸ்டம்பு பறந்தது. விசில், பைக் ஹார்ன், படிகளில் குத்தாட்டம். ஆனால் அவள் கை பக்கவாட்டில் நீண்டிருந்தது. நோ பால். பௌலரின் முன்கால் கோட்டைத் தாண்டியதால் அவுட் செல்லாது.

"ஏம்மா, கோலம் போடுற கோடுன்னு நெனச்சியா?" என்று அவளைப் பார்த்துக் கத்தினார் எனக்குப் பின்னால் டீ குடித்துக்கொண்டிருந்தவர்.

"அடி பட்டதுலேருந்து கண்ணு தெரியல போல. திருப்பி ஆஸ்பத்திரிக்கே அனுப்புங்கப்பா!" என்றது படிகளிலிருந்து இன்னொரு குரல்.

பையின் வாரை இறுகப் பிடித்துக்கொண்டேன். உள்ளூர் கேப்டன் அவளை நோக்கி ஓடினார். அவள் தரையைக் காட்டினாள். பௌலர் திரும்பி வந்து குனிந்து பார்த்தார். சுண்ணாம்புக் கோட்டுக்கு முன்னால் அவருடைய ஷூ பதிந்த தடம் இருந்திருக்க வேண்டும். தலையைச் சொறிந்துகொண்டு, கேப்டனிடம் 'என் தப்புதான்' என்பதுபோல் கையைத் தூக்கிக் காட்டினார்.

நோ பாலுக்கு அடுத்த பந்து ஃப்ரீ ஹிட். பந்து ஸ்டம்பில் பட்டாலும் அவுட் இல்லை. பேட்ஸ்மேன் பயமில்லாமல் ஓங்கி அடிப்பான். அவள் சொன்ன தீர்ப்பே பந்தை அவள் பக்கம் திருப்பி அனுப்பப் போகிறது. 'பின்னாடி போ, பின்னாடி போ' என்று வாய்க்குள்ளேயே சொன்னேன். அவள் அதே இடத்தில் போய் நின்றாள். லேசாகக் குனிந்து, கோட்டைப் பார்த்தாள்.

பந்து நேராகத்தான் வந்தது. தோளைச் சட்டென்று திருப்பிச் சாய்ந்தாள். சட்டையை ஒட்டிப் போன பந்து எல்லைக் கயிற்றைத் தாண்டி வேலியில் மோதியது. அவள் நிமிர்ந்து, எங்கள் மேஜையைப் பார்த்துக் கையை இப்படியும் அப்படியும் அசைத்தாள். நாலு ரன்.

பதிலுக்கு ஸ்கோரர் கையைத் தூக்க வேண்டும். அதுவரை ஆட்டம் தொடராது. ஸ்கோரரோ பேனாவோடு எழுந்து நின்று, வாயைப் பிளந்து வேலியைப் பார்த்துக்கொண்டிருந்தார். என் கை தானாக உயர்ந்தது.

அவள் என்னைப் பார்த்தாள். பார்த்தும் கையை அசைப்பதை நிறுத்தவில்லை.

"மேடம், அது என் வேலைங்க" என்று ஸ்கோரர் அவசரமாகக் கையைத் தூக்கினார். அப்புறம்தான் அவள் திரும்பினாள்.

டீ கிளாஸோடு அந்தக் கோலக்காரர் எட்டிப் பார்த்தார். "வேண்டப்பட்ட பொண்ணுங்களா?"

"என் பொண்ணுதாங்க." கண்டிப்பை மீறிவிட்டேன்.

அவர் கிளாஸில் மிச்சமிருந்த டீயைக் குடித்து முடித்தார். பிறகு, "நல்லாத்தான் பாக்குது கோட்டை" என்றார்.

உள்ளூர் அணி தோற்றது. திரும்பும்போது பாலத்தில் காற்று பலமாக இருந்தது.

"உன்னை யாரும்மா கையைத் தூக்கச் சொன்னா?"

"தானா தூக்கிடுச்சு. அடுத்த சனிக்கிழமை மேட்ச் எத்தனை மணிக்கு?"

"திரும்ப வரப் போறியா? ரெண்டு அடி தள்ளி நில்லுன்னு சொல்றதுக்கா?"

"இல்ல. லேட்டாப் போனா என் இடத்துல வேற யாராவது உட்கார்ந்துடுவாங்க."