அண்ணை சராய்க்கு வந்த ஞாயிறு

அந்த வசந்தத்தில் நான் குடியிருந்த பேஸ்மென்ற்றுக்குள் கழிவுநீர் வந்துவிட்டது. மெத்தை, அரிசிச் சாக்கு, குளிர்காலச் சப்பாத்து எல்லாம் நனைந்து நாறின. திருத்தி முடிய ஒரு மாதமாகும் என்றார் வீட்டுக்காரர். பிக்கரிங்கில் என் அண்ணையின் வீடு இருந்தது. ஆனால் எனக்கு வேலை ரொறன்ரோ விமான நிலையத்துக்குப் பக்கத்தில், விமானங்களுக்குச் சாப்பாடு கட்டும் சமையற்கூடத்தில். விடியற்காலை சிப்ட். அந்த நேரத்துக்கு பிக்கரிங்கிலிருந்து வந்துசேர பஸ் கிடையாது. அது ஒரு காரணம். இன்னொன்று, கணவர் என்னை விட்டுப் போனபிறகு அண்ணையின் மனைவி, என் மச்சாள், என்னோடு மிகவும் மெதுவான குரலில், நோயாளியோடு பேசுவதுபோலப் பேசத் தொடங்கியிருந்தார்.

கூட வேலைசெய்த ஒரு பஞ்சாபிப் பெண் தன் காரில் என்னைக் குருத்வாராவுக்குக் கூட்டிப்போனாள். யாத்திரை வருகிறவர்கள் தங்குவதற்குப் பின்பக்கம் அறைகள் இருந்தன. அதைச் சராய் என்றார்கள். அலுவலகத்தில் இருந்த பெரியவர் என் சமயத்தைக் கேட்கவில்லை. மது, புகை, மாமிசம் கூடாது, தலையை மூடவேண்டும் என்று சொல்லி ஒரு கம்பளியையும் விரிப்பையும் தந்தார்.

அறையில் இரண்டு கட்டில்கள். மற்றதில் என் வயதுள்ள இன்னொரு பஞ்சாபிப் பெண் இருந்தார். வான்கூவர் பக்கத்திலிருந்து வந்திருந்தார். கணவர் இறந்தபின் நகரம் நகரமாகக் குருத்வாராக்களுக்குப் போய்த் தங்கிவருகிறார். பாதி ஆங்கிலத்திலும், நான் வேலையிடத்தில் பொறுக்கிய இந்தியிலுமாக இதை அறிந்துகொண்டேன். சொந்த வீடு இல்லையா என்று கேட்டேன். இருக்கிறது, நான்கு படுக்கையறை என்றார். அங்கே எல்லா விளக்கையும் தானே போட்டுத் தானே அணைக்க வேண்டியிருக்கிறதாம்.

அதற்குமேல் நாங்கள் அதிகம் பேசவில்லை. மாலையில் அவர் கட்டிலில் சம்மணமிட்டு முணுமுணுவென்று பிரார்த்தனை வாசிப்பார். நான் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருப்பேன். ஒரு சொல்லும் புரியாது. ஆனால் அந்தக் குரல் நின்றதும் அறை பெரிதாகிவிடும்.

சிநேகிதி வீட்டில் நிற்பதாக அண்ணையிடம் சொல்லியிருந்தேன். ஒருநாள் போனில் பேசும்போது பின்னால் கீர்த்தனை கேட்டுவிட்டது. அவர் கேட்டார், நான் சொல்லிவிட்டேன். ஞாயிறு வந்துவிட்டார்.

"நானொருத்தன் இருக்க, நீ மடத்திலை கிடக்கிறியோ? ஆக்கள் கேட்டால் என்ன சொல்லுறது?"

"ஆர் அண்ணை கேட்கப்போகினம்?"

"பெட்டியை எடு. போவம்."

"வேலைக்கு எப்பிடி வாறது?"

அந்த நேரம் அறைத்தோழி வந்தார். வந்திருப்பது என் தமையன் என்று அறிந்ததும் கைகூப்பினார். ஒரு தலைத்துணியை அண்ணையின் கையில் கொடுத்து, சாப்பிட வாருங்கள் என்று முன்னே நடந்தார். அண்ணை என்னைப் பார்த்தார். பிறகு துணியைக் கட்டிக்கொண்டு பின்னால் போனார்.

வருகிறவர்களுக்கெல்லாம் இலவசமாகச் சாப்பாடு போடும் லங்கர் மண்டபத்தில் எல்லோரும் நிலத்தில் வரிசையாக இருந்தார்கள். முழங்கால் மடங்காமல் அண்ணை பட்ட பாடு கொஞ்சமல்ல. ரொட்டியை இரண்டு கைகளாலும் ஏந்தி வாங்க வேண்டும் என்று அறைத்தோழி செய்து காட்டினார். அண்ணையும் ஏந்தினார். பருப்பும் ரொட்டியும் வரவரச் சாப்பிட்டார்.

"ஏன், மச்சாள் சமைக்கிறேல்லையோ?" என்று பகிடியாகக் கேட்டேன்.

"அவவுக்கு இரவு வேலை. பிள்ளையள் சாப்பாட்டுக் கோப்பையைத் தங்கடை அறைக்குள்ளை கொண்டு போயிடுவினம்." தட்டைப் பார்த்தபடியே சொன்னார். "நான் டிவிக்கு முன்னாலை. இப்பிடி ஆக்களோடை இருந்து சாப்பிட்டுக் கனகாலம்."

பருப்பு வாளி வந்தது, அவருக்கு இன்னும் கொஞ்சம் விடச் சொன்னேன். பெட்டியைப் பற்றி அவர் பிறகு வாய் திறக்கவில்லை. காரில் ஏறும்போது, "குளிருக்கு ஒரு போர்வை காணுமோ?" என்றார்.

"ஓம் அண்ணை, காணும்."

அடுத்த வாரம் ஒருநாள் வேலை முடிந்து வந்தபோது பக்கத்துக் கட்டிலில் வெறும் மெத்தை இருந்தது. அறைத்தோழி மொன்றியலுக்குப் போய்விட்டார் என்றார் அலுவலகப் பெரியவர். முதல்நாள் மாலை அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு பஸ், மொன்றியல் என்று ஏதோ சொன்னது உண்மைதான். அவர்களுடைய மொழியில் நேற்றுக்கும் நாளைக்கும் ஒரே சொல். நான் அதை நேற்று என்று எடுத்து, மொன்றியலிலிருந்து யாரோ பஸ்ஸில் வந்ததாக நினைத்துக்கொண்டு, சிரித்துத் தலையாட்டியிருந்தேன். அவருடைய போன் நம்பரை வாங்கவேண்டும் என்று எனக்குத் தோன்றியதேயில்லை.

பிறகு வந்தவர்கள் ஓரிரு இரவுதான் தங்கினார்கள். யாருடைய முகமும் மனதில் நிற்கவில்லை.

நான் பழைய பேஸ்மென்ற்றுக்குத் திரும்பவில்லை. வேலைக்குக் கிட்ட, மாடியில் ஓர் அறை கிடைத்தது. அண்ணை ஒரு கட்டிலைக் கழற்றிக் கொண்டுவந்து பூட்டித் தந்தார். "ஞாயிறிலை அங்கை சாப்பிடப் போனால் எனக்கும் சொல்லு," என்றார். சொன்னேன். ஒருமுறை வந்தார். அடுத்தமுறை மச்சாளுக்குச் சுகமில்லை, பிறகு மகனின் பட்டமளிப்பு, பிறகு ஸ்னோ. இப்போது நான் அவரைக் கேட்பதில்லை. தனியே போய், வரிசையின் ஓரத்தில் இருந்து சாப்பிட்டு, தட்டுகளைக் கழுவிக் கொடுத்துவிட்டு பஸ் எடுக்கிறேன்.