நாலு பேர் போவதாக இருந்த கொச்சி

எங்கள் அம்மாவுக்குக் கடல் பார்க்கும் ஆசை காய்ச்சலைப் போலத் தொற்றியது. தொற்றவைத்தவர், தம்பிக்கு ஊசி போட வந்த மலையாளத்து நர்ஸ் அக்கா. கொச்சியில் படகு பஸ் மாதிரி நேரத்துக்கு வந்து நிற்கும், ஆளை ஏற்றிக்கொண்டு அக்கரைக்குப் போகும், போகிற வழியில் கப்பல் பார்க்கலாம், அக்கரையில் ஒரு வீட்டை மூடுகிற அளவுக்குச் சீன மீன்வலை இருக்கும், அதைத் தாண்டினால் நிஜமான கடல் என்று அவர் சொல்லிக்கொண்டே போக, தம்பி அலறியதைக்கூட அம்மா கவனிக்கவில்லை. சோமனூரில் இருந்துகொண்டு அம்மா பார்த்த பெரிய தண்ணீர், மழைக்காலத்து நொய்யல் மட்டும்தான். அதுவும் சில வருடம் வராது.

தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது இது. எனக்கு எட்டு வயது, தம்பிக்கு ஐந்து. அப்பாவும் பெரியப்பாவும் சேர்ந்து விசைத்தறி போட்டிருந்தார்கள். எங்கள் வீட்டுக்கும் தறிக்குடோனுக்கும் நடுவே ஒரே ஒரு சுவர். பகலும் இரவும் தறி ஓடும். அதனால் எங்கள் வீட்டில் யாரும் பேசியதில்லை, கத்தினோம். உப்பு வேண்டும் என்பதையும் கத்தித்தான் கேட்க வேண்டும். புருஷனும் பெண்டாட்டியும் தணிந்த குரலில் ஏதாவது சொல்லிக்கொள்ள வேண்டுமென்றால் கரண்ட் போக வேண்டும்.

அப்படிக் கரண்ட் போன ஒரு மத்தியானத்தில்தான் அம்மா கேட்டாள். அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன், அதாவது போடுவதுபோல உட்கார்ந்திருந்தேன்.

"ஏனுங்க, கோயில் நோம்பி முடிஞ்சு தறி நிக்கறப்ப, கொச்சிக்குப் போயிக் கடலப் பாத்துட்டு வரலாங்களா? நாம நாலு பேரு மட்டுங்க."

அம்மா இதற்கு முன் அப்பாவிடம் எதையும் கேட்டு நான் பார்த்ததில்லை. அப்பாவும் பார்த்திருக்க மாட்டார் போல. கையில் எடுத்த சோற்றைத் தட்டிலேயே வைத்துவிட்டு, சரி என்றார். எனக்குத்தான் மனசு கொஞ்சம் சுருங்கியது. நாலு பேர் மட்டும் என்றால் பெரியப்பா வீட்டுப் பசங்கள் வர மாட்டார்கள். அவர்கள் இல்லாமல் கடலில் யாரோடு விளையாடுவது? அம்மாவுக்கு இந்தச் சின்ன விஷயம்கூடத் தெரியவில்லையே என்று இருந்தது.

அதற்குப் பிறகு அம்மா நடந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை, பறந்தாள். வாடகைக்கு ஓர் அம்பாசடர் கார் பேசியாயிற்று. தங்குவதற்கு லாட்ஜ் எது என்று நர்ஸ் அக்காவிடம் கேட்டாயிற்று. மாலைப் படகில் போனால் கடலில் சூரியன் இறங்குவதைப் பார்க்கலாம் என்பதால், முதல் நாள் சாயங்காலம் முழுக்க அக்கரைக்கு என்று ஒதுக்கியாயிற்று. எனக்கு ஒரு புதுக் கவுன், தம்பிக்கு ஒரு டவுசர், இரண்டையும் அம்மாவே தைத்தாள். தம்பி, கூஜாவில் கொஞ்சம் கடல் பிடித்துவந்து அவன் வகுப்பில் காட்டுவதாகத் தீர்மானித்திருந்தான்.

எல்லாம் சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது, அப்பா "ஒரு வார்த்தை" சொல்லப் போகிற வரைக்கும்.

எங்கள் ஊர்ப் பக்கம் அண்ணன் தம்பிக்குள் ஒரு வார்த்தை சொல்லாமல் ஊருக்குக் கிளம்பிவிட முடியாது. "ஒரு வார்த்த சொல்லாமப் போயிட்டானே" என்ற வருத்தம் மூன்று கல்யாணம் தாண்டியும் இருக்கும். வெறுமனே சொல்லிவிட்டு வந்தாலும் மரியாதை ஆகாது. "நீங்களும் வாங்க" என்று சேர்த்துச் சொல்ல வேண்டும். கேட்கிறவர் "ஆகட்டும்" என்பார். அதோடு இரண்டு பக்கமும் மரியாதை முடிந்துவிடும்.

இந்த ஆகட்டும் என்ற சொல்லில்தான் எங்கள் வீட்டுக் கப்பல் தரை தட்டியது. சாப்பிடும்போது ஆள் வந்தால் "சாப்பிட வாங்க" என்போம், வந்தவர் "ஆகட்டுங்க" என்பார். எனக்கு வேண்டாம், நீங்கள் சாப்பிடுங்கள் என்று அர்த்தம். கல்யாணப் பத்திரிகையை வைத்து "வந்துருங்க" என்றாலும் "ஆகட்டுங்க" என்பார். கட்டாயம் வருகிறேன் என்று அர்த்தம். எது எந்த ஆகட்டும் என்பதைச் சொல்கிறவர் முகத்தைப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

அப்பா போனபோது பெரியப்பா தறிக்கு மேல் குனிந்து அறுந்த இழையை முடிந்துகொண்டிருந்தார். முகம் தெரியவில்லை. அங்கேயே உட்கார்ந்து, நெசவில் குறுக்கே ஓடும் ஊடைநூலைச் சுற்றிக்கொண்டிருந்தவள் அத்தை, அப்பாவின் அக்கா. அவள் வீடு எங்கள் வீதியிலேயே இருந்தது. அவளும் நிமிரவில்லை. "கொச்சிக்குப் போறமுங்ணா, நீங்களும் வாங்க. அக்கா, நீங்களும் வாங்க" என்று அப்பா சத்தத்துக்கு மேல் கத்தினார். இரண்டு பேரும் ஆகட்டும் என்றார்கள். அப்பா கடமை முடிந்த நிம்மதியோடு திரும்பி வந்தார்.

இரண்டு நாள் கழித்துப் பெரியம்மா எங்கள் வீட்டுக்கு வந்து, "ஏனம்மணி, வண்டி எத்தன மணிக்கு வருது? பசங்களுக்குத் தலைக்கு ஊத்திக் கூட்டிட்டு வரோணுமல்ல?" என்று கேட்டாள்.

எனக்கு அன்று தலைகால் புரியவில்லை. பெரியப்பா பசங்கள் வருகிறார்கள்! அத்தையும் வருகிறாளாம். அம்பாசடர் போய் வேன் வந்தது. வேன் வந்ததும் பெரியப்பாவின் யோசனைகளும் வந்தன. அவ்வளவு தூரம் போய்விட்டுக் குருவாயூரப்பனைப் பார்க்காமல் வரலாமா? மத்தியானம் கொச்சியில் சாப்பிட்டுவிட்டு அன்று சாயங்காலமே குருவாயூர். அந்த ஊர் ஓட்டலில் எல்லாம் தேங்காய் எண்ணெய், நம் வயிற்றுக்கு ஆகாது. ஆகவே ஸ்டவ், மண்ணெண்ணெய், அரிசி, பருப்பு, பெரிய பாத்திரம். அம்மா தைத்து வைத்திருந்த கவுனும் டவுசரும் பைக்குள் அடியில் போக, மேலே மிளகாய்த் தூள் டப்பா ஏறியது.

அம்மா டப்பாக்களை அடுக்கினாள். ஒரே ஒருநாள்தான் இதெல்லாம் வேண்டாம் என்று சொன்னாள். தறிகள் முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தன. "இனி வேண்டான்னு எப்படி அம்மணி சொல்றது? நாந்தான கூப்பிட்டேன்?" என்று அப்பா கத்தினார். அதற்கு அம்மா தொண்டை கிழியக் கத்தினாள்.

"நாம நாலு பேரு மட்டும்னுதானுங்க நாங் கேட்டேன்!"

அவள் வாய் திறந்த நேரம் பார்த்துக் கரண்ட் போயிற்று. அத்தனை தறியும் பொட்டென்று நின்றன. அந்த அமைதியில் அம்மாவின் குரல் சுவரைத் தாண்டிக் குடோனுக்குள் போய் விழுந்தது. அங்கே அத்தை இருந்தாள்.

அம்மாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. பூமி பிளந்தால் இறங்கிவிடலாம் என்பதுபோல நின்றாள். கொஞ்ச நேரத்தில் அத்தை உள்ளே வந்தாள். முந்தானையில் ஒட்டியிருந்த பஞ்சைத் தட்டிவிட்டுக்கொண்டு, "மோர் இருக்குதா அம்மணி? வெயிலு ஆளக் கொல்லுது" என்றாள். வாங்கிக் குடித்துவிட்டுப் போனாள். அவளுக்குக் காது கேட்கவில்லை என்றுதான் நான் நினைத்தேன். நானாக இருந்தால் நான் வரவில்லை என்று கோபித்துக்கொண்டு போயிருப்பேன். அத்தை அப்படிச் சொன்னால் அம்மா சொன்னது காதில் விழுந்தது என்று ஆகிவிடும் என்பதெல்லாம் எட்டு வயதில் எங்கே தெரியும்?

நோம்பி முடிந்தது. விடியும் முன் வேன் கிளம்பியது. பாலக்காடு தாண்டியதும் காற்றே வேறு மாதிரி இருந்தது. பசங்கள் எல்லோரும் பாட்டுப் பாடினோம், தம்பி இரண்டு முறை வாந்தி எடுத்தான். கொச்சியின் இக்கரையான எர்ணாகுளத்தில் படகுத்துறைக்குப் பக்கத்தில் ஒரு மரத்தடியில் வண்டியை நிறுத்தியபோது வெயில் ஏறியிருந்தது. எதிரே, தூரத்து அக்கரை வரைக்கும் தண்ணீர். பெரியப்பா வேனிலிருந்து இறங்கி, வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டு, அதைக் கையால் காட்டினார்.

"இதா, கடல். எல்லாரும் பாத்தாச்சுல்ல? சோத்தப் பொங்குங்க, கெளம்பலாம்."

அது கடல் இல்லை, காயல், கடலோடு சேருகிற உப்பங்கழி. கடல் அக்கரையில் இருக்கிறது. நர்ஸ் அக்கா சொன்னது எனக்கே ஞாபகம் இருந்தது, அம்மாவுக்கு இல்லாமலா இருக்கும்? அம்மா அக்கரையை ஒருமுறை பார்த்தாள், அப்பாவை ஒருமுறை பார்த்தாள். அப்பா செருப்பு நுனியைப் பார்த்தார். அண்ணனை எதிர்த்துப் பேசி அவருக்குப் பழக்கம் கிடையாது. அம்மா குத்துக்காலிட்டு உட்கார்ந்து ஸ்டவ்வுக்குப் பம்ப் அடித்தாள். அடித்த அடியில் தீ ஓர் ஆள் மட்டத்துக்கு எழும்பி, பெரியம்மா நாலடி தள்ளிப் போனாள். அரிசியும் பருப்பும் உலையில் விழுந்தன.

அப்போதுதான் அத்தைக்குத் தலை சுற்றியது.

"ஏனுங்ணா, எனக்குக் கிர்ருனு வருதுங்ணா" என்று அவள் மரத்தில் சாய்ந்து உட்கார்ந்தாள். வேனில் வந்தது ஒத்துக்கொள்ளவில்லையாம். பெரியப்பா சோடா வாங்கித் தரவா என்றார். "சோடாக்கெல்லாம் இது கேக்காது. மாத்தரதான் போடோணும்" என்றவள் அப்பாவைப் பார்த்து, "கண்ணு, அக்கரைல நல்ல மருந்துக் கட இருக்குதாமா. படகுல போயி வாங்கிட்டு வந்துரு" என்றாள்.

ரோட்டுக்கு அந்தப் பக்கமே ஒரு மருந்துக் கடை இருந்தது. பலகையில் எழுத்து மலையாளம்தான், ஆனால் சிவப்புக் கூட்டல் குறி எந்த ஊரிலும் ஒன்றுதானே? நான் உதவி செய்யும் ஆர்வத்தில், "அத்தை, அதோ மருந்துக் கடை!" என்றேன்.

"அது மாட்டு மருந்துக் கட கண்ணு" என்றாள் அத்தை. பிறகு அம்மாவின் கையிலிருந்து கரண்டியைப் பிடுங்கிக்கொண்டாள். "நீயுங் கூடப் போ அம்மணி. இவனுக்கு மலையாளம் தெரியாது."

"எனக்குந் தெரியாதுங்க அண்ணி."

"ரெண்டு பேரு தெரியாம நின்னாப் பாவமுன்னு குடுப்பாங்க. போ."

அம்மா கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே அத்தையைப் பார்த்தாள். படகு மணியடித்தது. அப்பாவும் அம்மாவும் போனார்கள்.

நானும் ஓடினேன். படகில் ஏறத்தானே இவ்வளவு தூரம் வந்தது? ஆனால் பின்னாலிருந்து அத்தை என் கவுனைப் பிடித்து இழுத்துவிட்டாள். திமிறினேன், கத்தினேன், தரையில் புரண்டேன். தலை சுற்றுகிற ஆளின் பிடி அவ்வளவு இறுக்கமாக இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவே இல்லை. ஒரு கையில் என்னையும் மறு கையில் கரண்டியையும் பிடித்தபடி அவள் சோற்றைக் கிண்டினாள். அந்த நிமிஷம் உலகத்தில் எனக்கு அத்தையைவிடக் கெட்டவள் யாரும் இல்லை. படகு விலகிப் போயிற்று. கம்பியைப் பிடித்து நின்ற அப்பா குனிந்து அம்மாவிடம் என்னமோ சொன்னார். எவ்வளவு மெதுவாகச் சொன்னாரோ, அம்மா தலையை அவர் பக்கம் சாய்க்க வேண்டியிருந்தது. பிறகு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பெற்ற பிள்ளை கரையில் அழுதுகொண்டிருக்க, இவர்களுக்கு என்ன சிரிப்பு?

சோறு வெந்தது. எல்லோரும் சாப்பிட்டோம். அத்தை இரண்டாம் முறை போட்டுக்கொண்டதைப் பார்த்துப் பெரியம்மா ஓர் அப்பளத்தை உடைத்து வைத்து, என்னமோ நினைத்துச் சிரித்தாள். படகு வந்தது, போனது, மறுபடி வந்தது. அப்பா அம்மாவைக் காணோம். "மாத்தர வாங்கப் போனானா, செய்யப் போனானா?" என்று பெரியப்பா குறுக்கும் நெடுக்கும் நடந்தார். குருவாயூரை இனி மறுநாள் காலையில்தான் பார்க்க முடியும் என்று டிரைவர் சொல்லிவிட்டுப் படுத்துவிட்டார்.

பொழுது சாய்ந்த பிறகு வந்த படகில் அவர்கள் இறங்கினார்கள். அம்மாவின் சேலை முழங்கால் வரை நனைந்து, ஓரமெல்லாம் மணல். கொண்டை அவிழ்ந்து கிடந்தது. அப்பா கால்சட்டையை மடித்துவிட்டிருந்தார். அவர் கையில் ஒரு ஜோடிச் செருப்பு. அம்மாவுடையது. கரைக்கு வந்து அண்ணனைப் பார்த்ததும் அதைத் தொப்பென்று கீழே போட்டார். கையால் காட்டியதற்குப் பிறகு தண்ணீர்ப் பக்கமே திரும்பாத பெரியப்பா, அந்த நேரத்தில் காயலை ரொம்ப அக்கறையாகப் பார்க்க ஆரம்பித்தார்.

"சோறு ஆறிப்போச்சு, உக்காருங்க" என்றாள் அத்தை. அம்மா அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள், ரொம்ப ஒட்டி. அத்தை என்னைப் பிடித்து வைத்த அநியாயத்தை நான் சொன்னேன், அம்மா காதில் அது ஏறவே இல்லை.

நான் காத்திருந்தேன். யாராவது கேட்பார்கள் என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். ஒருவரும் கேட்கவில்லை. கடைசியில் நானே கேட்டேன்.

"அப்பா, அத்தைக்கு மாத்திரை எங்கே?"

அப்பா சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துவிட்டு முழித்தார். பெரியப்பா இருமினார். அத்தை அவசரமாக என் வாயில் ஓர் அப்பளத்தைத் திணித்தாள். இத்தனை பெரியவர்கள் இருந்தும், தலை சுற்றி உட்கார்ந்திருக்கிறவளைப் பற்றி ஒருவருக்கும் கவலை இல்லையே என்று எனக்கு வருத்தமாக இருந்தது. இந்தக் குடும்பத்தில் பொறுப்பான ஆள் நான் ஒருத்திதான் என்று நினைத்துக்கொண்டே அப்பளத்தைத் தின்றேன்.